இரண்டாவது கையெழுத்து

கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். முன்னால் விற்பனைக்காரர்கள் மடிப்புக் கலையாத சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் இவர், நனைந்த ஏப்ரனோடு, தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் லென்ஸின் ஓரத்தைக் கொடுத்து, பிரேமுக்குள் கச்சிதமாக உட்காருகிற அளவுக்குக் கொண்டுவருவார். மயிரிழை கூடினால் உள்ளே போகாது, மயிரிழை குறைந்தால் கழன்று விழும். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'லென்ஸ்காரர்'.

வீட்டுவசதி அலுவலகத்தின் கடிதத்தை அவர் கடையில்தான் பிரித்துப் படித்தார். கை ஈரம் காகிதத்தில் ஒட்டியது. அடுத்த மாதம் பதினான்காம் தேதியோடு எட்டு ஆண்டுகள் நிறைவடைகின்றன; வீட்டை வாங்கும் உரிமையைப் பதிவுசெய்ய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இருவரும் அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும்.

'இருவரும்' என்ற சொல்லுக்கு அடியில் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

அவர் மனைவி இறந்து இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. அலுவலகத்துக்கு அது தெரியாது. குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வீட்டுத் திட்டத்தில் அவர்கள் சேர்ந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் ஐந்து வீடு மாறியிருந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்றார், இன்னொருவர் வாடகையைப் பாதிக்குப் பாதி ஏற்றினார். குறைந்த வருமானக்காரர்களுக்கான வீட்டுக்கு விண்ணப்பித்தால், சம்பளம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். வங்கிக்குப் போனால் சம்பளம் போதாது என்றார்கள். "நம்ம சம்பளம் ஒரு இடத்துல அதிகமாவும் இன்னொரு இடத்துல கம்மியாவும் இருக்குதுங்க. அதுக்கே ஒரு முடிவு தெரியல" என்று மனைவி சிரித்தாள். அவள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள்.

அப்படிப்பட்ட ரெண்டுங்கெட்டான்களுக்கென்றே வந்தது இந்தத் திட்டம். எட்டு வருஷம் வாடகைக்கு இருக்க வேண்டும். வாடகையில் ஒரு பங்கு வீட்டுக் கணக்கில் சேரும். எட்டாம் வருஷ முடிவில், முதல் நாள் பேசிய அதே விலைக்கு வீட்டை வாங்கிக்கொள்ளலாம். இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் வீடு கொடுத்தார்கள். ஆகவே கையெழுத்திட்ட இருவரும் அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும். வருஷா வருஷம் ஒரு படிவம் வரும். 'நாங்கள் இருவரும் இங்கேயே வசிக்கிறோம்' என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

ஏழாவது மாடி, இரண்டு படுக்கையறை. வந்த முதல் வாரம் மனைவி தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆறாவது வருஷ முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. மற்றவர்களின் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள், தன் அறிக்கையைத் தானே படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். ஒன்பது வாரம்தான் இருந்தாள். அவர் பார்த்தவரை நினைவு தெளிவாக இருந்த கடைசி நாளில் அவரிடம் அவள் கேட்டது, "இந்த மாச வாடகை போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

அதற்குப் பிறகு அவரிடம் அவள் பேசவில்லை.

அடக்கமெல்லாம் ஊரின் மறுகோடியில் இருந்த மச்சினி வீட்டிலிருந்து நடந்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று செய்ததல்ல. ஆஸ்பத்திரிக்கு அந்த வீடுதான் பக்கம். திரும்பி வந்த அன்று, லிப்டில் எதிர்வீட்டுக்காரர் ஏறினார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒரு சங்கதி அவர் காதில் விழுந்தால் பத்து நிமிஷத்தில் ஒன்பது மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் அவருக்கு 'ரேடியோ' என்று பேர். "எங்க சார், வீட்டம்மாவைக் கொஞ்ச நாளா காணோமே?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, ஒப்பந்தம் போட்ட நாளில் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா சொன்னது லென்ஸ்காரரின் நினைவுக்கு வந்தது: 'ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லேன்னா ஒப்பந்தம் நிக்காது, பார்த்துக்குங்க.'

"வெளியூர் ஆஸ்பத்திரிக்கு வேலை மாத்திட்டாங்க" என்றார் அவர்.

பொய்யை யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் யோசித்தார். அதற்குள் லிப்ட் ஏழாவது மாடிக்கு வந்துவிட்டது, பொய்யும் வெளியே போய்விட்டது.

அதிலிருந்து வீடே அந்தப் பொய்யைச் சுற்றிச் சுழல ஆரம்பித்தது. படம் மாட்டவில்லை. சுவர் கேட்கும் என்று யாரும் வாய்விட்டு அழவில்லை. வாசலில் மனைவியின் செருப்பு அப்படியே இருந்தது. விடுமுறைக்கு வந்து போகிற மாதிரி தெரியட்டும் என்று பெரியவள் அதை அவ்வப்போது இடம் மாற்றி வைத்தாள். அவளுக்கு அப்போது பதினேழு. சின்னவளுக்கு எட்டு. பள்ளிக்கூடம் குடியிருப்பு வாசலிலேயே இருந்ததால் அங்கேயும் அவள் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. 'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, அம்மா தொலைவில் உள்ள ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாக ஒரு பக்கம் எழுதினாள். டீச்சர் 'மிக அருமை' என்று போட்டுக் கொடுத்திருந்தார். அதை அவள் வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. லென்ஸ்காரர்தான் புத்தகப்பையில் தற்செயலாகப் பார்த்தார்.

நாற்பதாவது நாளோ என்னவோ, ஆறாவது வருஷப் படிவம் வந்தது. இவர் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டார். மனைவியின் இடம் காலியாக மூன்று நாள் மேஜையில் கிடந்தது. நாலாம் நாள் காலையில் பார்த்தால் அங்கே கையெழுத்து இருந்தது. பெரியவள் தலையைக் குனிந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படிவத்தை உறையில் போட்டு ஒட்டினார். மறுவருஷம் படிவம் வந்ததும் தானே அதை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிற்பாடு அவரை அதிகம் வதைத்தது அந்த நகர்த்தல்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு கடையில் வேலை பார்த்து, வாடகையை ஒரு நாள் தவறாமல் கட்டினார். இப்படியே எட்டாம் வருஷமும் வந்துவிட்டது. கூடவே கடிதமும்.

மச்சினிக்குப் போனில் சொன்னார். அவள் உடனே புறப்பட்டு வந்தாள். அக்காவைவிட மூன்று வயது இளையவள், முகஜாடை அப்படியே. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"நான் வரேன், அத்தான்" என்றாள்.

"எங்க?"

"ஆபீசுக்கு. அக்கா அடையாள அட்டை இருக்குல்ல? அந்தப் போட்டோ எட்டு வருஷத்துக்கு முந்தி எடுத்தது. யாரு உத்துப் பார்க்கப் போறாங்க? பத்து நிமிஷ வேலை. போட்டுட்டு வந்துருவோம்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவர் பழகிப்போன விதம் அது.

பெரியவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். லேபிள் வடிவமைக்கிற ஒரு கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. "சரி சித்தி, நான்தான் ஆபீசர். உங்க பிறந்த தேதி சொல்லுங்க."

மச்சினி அக்காவின் பிறந்த தேதியைச் சொன்னாள்.

"வேலை?"

"ரத்தப் பரிசோதனைக் கூடத்துல."

"எத்தனை பிள்ளைங்க?"

மச்சினி ஒரு கணம் தடுமாறி, "ரெண்டு பொண்ணு" என்றாள். அறைவாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் கிட்டே வந்தாள்.

"சித்தி, அங்க போய் நானும் உங்களை அம்மான்னு கூப்பிடணுமா?"

"நீ வரவே வேணாம் கண்ணு. பெரியவங்க போயிட்டு வந்துருவோம்."

"சரி, கையெழுத்து" என்று பெரியவள் ஒரு தாளை நீட்டினாள். மச்சினி பேனாவை எடுத்தாள்.

"அந்தக் கை இல்ல" என்றாள் சின்னவள். "அம்மா இடது கையில போடுவாங்க."

மச்சினி பேனாவைக் கை மாற்றினாள். முதல் எழுத்தே நொண்டியடித்தது. "சேச்சே, மறந்தே போச்சு பாரேன். பரவால்ல, இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. பழகிக்கிறேன்."

"ரெண்டு வாரத்துல வராது சித்தி" என்றாள் பெரியவள், தொழில் தெரிந்தவள் பேசுகிற மாதிரி. "முதல் வருஷம் நான் வலது கையிலதான் போட்டேன். சாய்வு தப்பாப் போச்சு. அப்பா கவனிக்கல. நல்லவேளை, ஆபீஸ்லயும் கவனிக்கல. அப்புறம் அடுத்த படிவத்துக்காக இடது கையில பழகினேன். நாலு மாசம் ஆச்சு. தினம் ஸ்கூல்ல இருந்து வந்ததும் ஒரு பக்கம். இங்க பாருங்க, பேனாவை இப்படிக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கணும். மணிக்கட்டைத் திருப்பக் கூடாது."

சொல்லிக்கொண்டே அவள் பேனாவை இடது கையில் வாங்கிப் போட்டுக் காட்டினாள். சரளமாக வந்தது. கடைசியில் அம்மா இழுக்கிற சின்ன வால்கூட வந்தது.

லென்ஸ்காரர் அந்தக் கையைப் பார்த்தார். அம்மாவைப் பறிகொடுத்த பதினேழு வயதுப் பெண், அழுவதற்கு இருந்த நாலு மாதத்தை உட்கார்ந்து இதற்குச் செலவழித்திருக்கிறாள். பக்கத்து அறையில்தான் அவர் இருந்திருக்கிறார்.

"போதும்" என்றார்.

"இன்னொரு தடவை, அப்பா. சித்திக்கு..."

"போதும்னு சொல்றேன்ல!"

அவர் குரல் உயர்ந்து அந்தப் பெண்கள் கேட்டதே இல்லை. மச்சினி தாளை மடித்தாள். அதில் இருந்த இரண்டு கையெழுத்தும் உள்ளே போயின.

மறுநாள் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவர் தனியாக அலுவலகத்துக்குப் போனார். மேல்சட்டைப் பையில் இறப்புச் சான்றிதழ் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை அவர் யாரிடமும் காட்டியதில்லை. மடிப்பு கலையாமல் புத்தம்புதிதாக இருந்தது.

டோக்கன் எண் நாற்பத்தொன்று. அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும், ஜலதோஷம். அவர் போட்டிருந்த கண்ணாடி மூக்கில் இறங்கி, லென்ஸின் மையம் கண்ணுக்குக் கீழே நின்றது. சாயங்காலமானால் இந்த மனுஷனுக்குத் தலை வலிக்கும் என்று லென்ஸ்காரருக்குத் தோன்றியது. சொல்ல வந்த வேளையில் இப்படியா தோன்றும் என்றும் தோன்றியது.

"சம்சாரம் வரலையா?"

"இல்லீங்க. தவறிட்டாங்க."

"அடடா. எப்ப?"

அவர் சான்றிதழை எடுத்து வைத்தார். அதிகாரி தேதியைப் பார்த்தார். அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து, கடைசி இரண்டு படிவங்களையும் புரட்டினார். மூக்கைச் சிந்திக் கைக்குட்டையை மடித்து வைத்தார்.

"இதை அப்பவே வந்து சொல்லியிருந்தா என்னங்க?"

"ஒருத்தர் இல்லேன்னா ஒப்பந்தம் நிக்காதுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா? தொண்ணூறு நாளுக்குள்ள சொல்லியிருந்தா இந்த வீடு நிக்காது, சரி. உங்க ஒரு சம்பளத்துக்கு ஒரு படுக்கையறை வீடு குடுத்திருப்போம். ஆறு வருஷக் கணக்கும் அப்படியே கூட வந்திருக்கும். பதினோராம் பக்கத்துல இருக்கு. படிக்கலையா?"

"இல்லீங்க."

"யாருமே படிக்கிறதில்ல" என்றார் அதிகாரி. அதில் குத்தல் இல்லை, அலுப்புதான் இருந்தது. "இப்ப மறைச்சதா ஆயிடுச்சு. வாங்குற உரிமை போயிரும். என் கையில ஒண்ணும் இல்ல."

"தெரியுங்க."

"இந்த ரெண்டு கையெழுத்தும் யாரு போட்டது?"

"நான்தான்."

அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, இரண்டாவது படிவத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "போட்டுக் காட்டுங்க."

லென்ஸ்காரர் பேனாவை இடது கையில் எடுத்தார். இருபத்திரண்டு வருஷம் மயிரிழை தவறாமல் வேலை செய்த மனிதருக்கு அந்தக் கையில் ஒரு எழுத்தும் வசப்படவில்லை. தாளில் விழுந்தது கையெழுத்தாக இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கிறுக்கல் மாதிரி இருந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"ரெண்டு பொண்ணு. மூத்தவளுக்குப் பத்தொன்பது."

அதிகாரி அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் மேஜைக்கடியில் இருந்த கூடையில் போட்டார். கோப்பில் 'கணவர் ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். எழுதிவிட்டு, "ஒரு வழி இருக்கு. பெரிய பொண்ணு சம்பாதிக்குதுன்னா அதைக் கூட்டு விண்ணப்பதாரராச் சேர்த்துப் புதுசாப் போடலாம். அதே வீடு. ஆனா முதல்ல இருந்து எட்டு வருஷம். அதுவும் இங்கேயேதான் குடியிருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். பெரியவள் முகம் சிவந்துவிட்டது.

"யாரைக் கேட்டுப் போனீங்க? எட்டு வருஷம், அப்பா! இன்னும் ரெண்டே வாரம்! நான் ஒழுங்காத்தானே போட்டேன்? ஒருத்தரும் கண்டுபிடிக்கலையே!"

"நீ ஒழுங்காப் போட்டதுதான்மா எனக்குத் தாங்கல."

"அம்மா ஆசைப்பட்ட வீடு."

"ஆமா."

"அப்ப என் பேரைச் சேருங்க. நான் கையெழுத்துப் போடுறேன். எட்டு வருஷம்தானே."

அவள் எட்டு வருஷத்தை ஏதோ எட்டு நாள் மாதிரி சொன்னாள். அவளுக்குக் கம்பெனியின் தலைமையிடத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பது அவருக்குத் தெரியும். வேறு நகரம். அந்தக் கடிதத்தை அவள் தலையணையுறைக்குள் வைத்திருந்தாள். துணி துவைக்கப் போட்டபோது அவர் கைக்குத்தான் வந்தது. படித்துவிட்டு அப்படியே திருப்பி வைத்திருந்தார்.

"நீ பயிற்சிக்குப் போ" என்றார். "இந்த வீட்டுக்கு நீ போட்ட கையெழுத்தெல்லாம் போதும்."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "எப்ப காலி பண்ணணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அலுவலகத்தின் உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. உரிமை ரத்து, வீட்டுக் கணக்கில் சேர்ந்திருந்ததில் ஒரு பகுதி அபராதமாகப் போக மீதி திருப்பித் தரப்படும், விரும்பினால் அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு படுக்கையறை வீட்டில் சாதாரண வாடகைக்கு இருக்கலாம். ஏழாவது மாடியில் காற்று நன்றாக வரும். இரண்டாவது மாடி ஜன்னலுக்கு நேரே கார் நிறுத்துமிடத்தின் தகரக் கூரை. விரும்புகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான்களை இறக்கினார்கள். மச்சினியும் வந்திருந்தாள். ரேடியோ சும்மா இருப்பாரா, பனியனோடு வந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். லிப்டில் கட்டில் போகாததால் படி வழியாக ஐந்து மாடி. கீழே வந்து, கட்டிலைப் போட்டு, அதிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "என்ன சார், வீடு மாத்துறப்போகூட வீட்டம்மாவுக்கு லீவு குடுக்கலையா? என்ன ஆஸ்பத்திரி அது?"

கையில் பாத்திர மூட்டையோடு சின்னவள் அப்படியே நின்றாள். அப்பாவைப் பார்த்தாள்.

அலுவலகத்தில் சொன்னதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தார் லென்ஸ்காரர். முடியவில்லை என்று இப்போது தெரிந்தது.

"அவங்க இல்ல சார்" என்றார். "தவறி ரெண்டரை வருஷம் ஆகப்போகுது. உங்ககிட்ட அன்னைக்கு லிப்டுல பொய் சொல்லிட்டேன்."

ரேடியோவின் கண் லென்ஸ்காரரைத் தாண்டிச் சின்னவளிடம் போய் நின்றது. எழுந்து போய் அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கிக் கீழே வைத்தார்.

"பாவி நான், பார்க்கிறப்பல்லாம் உன்கிட்ட அம்மா எப்ப வராங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தேனே, தாயி" என்றார். "தீபம் மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு 'அடுத்த மாசம்'னு சொல்வியே. எப்படிம்மா தாங்கின?"

சின்னவளின் உதடு கோணியது. பிறகு வாய்விட்டு அழுதாள். அடக்கி அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சின்ன அறையே அதிரும்படி வெளியே வந்தது. மச்சினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். யாரும் அவளை உஷ் என்று அடக்கவில்லை.

ரேடியோ தன் பேருக்கேற்ற வேலையைச் செய்தார். மதியத்துக்குள் ஒன்பது மாடிக்கும் தெரிந்துவிட்டது. வீட்டைப் பற்றிய பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து, பிரிக்காத மூட்டைகளின் மேலும் புரட்டிப்போட்ட பெட்டிகளின் மேலும் உட்கார்ந்தார்கள். நாலாவது மாடியம்மா பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். என்ன வியாதி, எத்தனை நாள் படுத்திருந்தாங்க, கஷ்டப்பட்டாங்களா என்று, எந்தத் துக்க வீட்டிலும் கேட்கிறதைக் கேட்டார்கள். லென்ஸ்காரர் தெரிந்ததைச் சொன்னார். வாடகை போட்டாச்சா என்று கேட்டதுதான் கடைசிப் பேச்சு என்றார்.

"இல்லப்பா" என்றாள் பெரியவள்.

அவள் சுவரோரம் மடித்த மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்கு அப்புறம் மறுநாள் நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்ப முழிச்சாங்க. என்கிட்ட சீப்புக் கேட்டாங்க."

"சீப்பா?"

"ம். தலையெல்லாம் சிக்கு. நான் வாரி விட்டேன். வலிக்குதாம்மான்னு கேட்டேன். நீ சின்னப் பிள்ளையில என் தலையை இதைவிட மோசமா இழுப்பியேன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

இதை அவர் இத்தனை நாள் கேட்டதே இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, மகளுக்கு எதிரில் தரையில் வந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார். "அப்புறம் என்ன சொன்னாங்க?"